செங்கேணியின் ரோஸ் சீட்டு

சபையில் சாட்சி சொல்லச் சொன்னபோது நான் பாதியைத்தான் சொன்னேன். காசநோய் வந்தது, மிஷன் ஆஸ்பத்திரியில் ஒன்பது மாதம் கிடந்தேன், விலா எலும்புகளை எடுத்தார்கள், ஆண்டவர் என் பயத்தை நீக்கினார், பிழைத்து வந்தேன். மாதர் சங்கத்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். போதகரின் மனைவி என் கையைப் பிடித்து, "எவ்வளவு பெரிய விசுவாசம் உங்களுக்கு" என்றார். எனக்கு முகம் எரிந்தது. அந்த விசுவாசம் பக்கத்துக் கட்டிலிலிருந்து திருடியது என்று அந்த இடத்தில் சொல்ல எனக்கு நா எழவில்லை. சொல்லாமல் விட்ட மறுபாதியை இப்போது எழுதிவிடுகிறேன். இதே நோயில் படுத்திருக்கிற யாராவது படித்தால், பயந்து சாகிறவர்கள் தாங்கள் மட்டும்தான் என்று நினைக்காமல் இருப்பார்கள்.

என் பெயர் சுகிர்தம். செங்கல்பட்டில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். என் வீட்டுக்காரர் ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. இருமல் வந்தபோது சாக்பீஸ் தூள் என்று நினைத்தேன். சாயங்காலக் காய்ச்சலுக்கு வெயில் காரணம் என்றேன். ரவிக்கை தொளதொளவென்று ஆனதற்குத் தையல்காரரைத் திட்டினேன். ஒரு நாள் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும்போது இருமல் வந்து, கைக்குட்டையில் ரத்தம் வந்தது. பிள்ளைகள் பார்க்காமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வாய்ப்பாட்டை முடித்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை ஏழாம் வாய்ப்பாடு என்றால் எனக்கு ஆகாது.

மிஷன் ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே, ஏரியைத் தாண்டி, ஒரு குன்றின் அடியில் இருந்தது. அங்கே வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருவர் இருந்தார். புத்தகத்தில் படித்த தமிழ் பேசுவார். என் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வலது பக்கம் மேலே ஒரு வட்டத்தை விரலால் காட்டினார். "இது ஓட்டை, அம்மா. இங்கே கிருமிகள் வீடு கட்டிக்கொண்டு இருக்கின்றன" என்றார். அந்த வட்டம் ஒரு ரூபாய் நாணயம் அளவு இருந்தது. வெளியே வராந்தா பெஞ்சில் என் வீட்டுக்காரர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொன்னேன். அவர் எழுந்து போய், பானையிலிருந்து எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்த தம்ளரை எங்கே வைப்பது என்று இருவருக்குமே தெரியவில்லை.

எங்கள் மகள் அமுதாவுக்கு அப்போது ஐந்து வயது. அவளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, மார்பு வார்டில் சேர்ந்தேன்.

வார்டில் முதலில் கொடுத்தது மூடி போட்ட ஒரு தகரக் குவளை. சளியை அதில்தான் துப்ப வேண்டும். மாதம் ஒரு முறை அந்தச் சளியைக் கண்ணாடிச் சில்லில் தடவி, மைக்ராஸ்கோப்பில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். திங்கட்கிழமைதோறும் எடை பார்ப்பார்கள். தினமும் ஊசி. அந்த ஊசி புதிதாக வந்த மருந்து. காதில் இரைச்சல் கேட்டால் உடனே சொல்ல வேண்டும் என்றார்கள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் ரெஸ்ட். அந்த நேரத்தில் பேசக் கூடாது, படிக்கக் கூடாது, புரளக்கூடக் கூடாது. நுரையீரலுக்கு ஓய்வு வேண்டுமாம். மற்ற நேரத்தையெல்லாம் எப்படியோ ஓட்டிவிடலாம். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் பயம் வந்து நெஞ்சின்மேல் உட்காரும். நான் செத்துப்போவேன், என் பிள்ளை என் முகத்தை மறந்துபோவாள். இவ்வளவுதான் பயம். இதையே இரண்டு மணி நேரம் திருப்பித் திருப்பி நினைப்பேன்.

பக்கத்துக் கட்டிலில் செங்கேணி. மகாபலிபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்காரி. மீன் கூடை தூக்கித் தூக்கி உச்சியில் முடி தேய்ந்துபோயிருந்தது. என் வயதுதான் இருக்கும். அவளுக்கும் அதே நோய், அதே பக்கம், ஓட்டை மட்டும் என்னுடையதைவிடப் பெரியது. டாக்டரம்மாவே சொன்னார். ரெஸ்ட் மணி அடித்ததும் அவள் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடுவாள். அவ்வளவுதான், தூங்கிவிடுவாள். மூச்சு ஒரே சீராக வரும். நான் தலையைத் திருப்பி அவளைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். என் வயிறு எரியும்.

அவளைவிடப் பெரிய ஓட்டை எனக்கு இருந்திருந்தால் இப்படி எரிந்திருக்காது.

எரிந்ததற்கு இன்னும் காரணம் உண்டு. நான் மூன்றாம் தலைமுறைக் கிறிஸ்தவள். என் தாத்தா உபதேசியார். ஓய்வுநாள் பள்ளியில் வசனப் போட்டி வைத்தால் வருஷாவருஷம் பரிசு எனக்குத்தான். சங்கீதங்களில் பாதி மனப்பாடம். செங்கேணி ஞானஸ்நானம்கூட எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு, வார்டுக்கு வரும் பைபிள் அம்மா சொல்லக் கேட்டு நம்பினவள். பரமண்டல ஜெபம் அவளுக்குப் பாதிதான் தெரியும். தினமும் காலையில் எழுந்து கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உரக்கச் சொல்லுவாள். நடுவில் மறந்துவிடும். "மீதி உனக்கே தெரியும் நைனா" என்று முடித்துவிட்டுக் காப்பிக்குத் தம்ளரை நீட்டுவாள். அவள் ஊர்ப் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆண்டவரை யாராவது அப்படிக் கூப்பிடுவார்களா என்று நான் பைபிள் அம்மாவிடம் கோள் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "கூப்பிடட்டுமே" என்றார்.

திங்கட்கிழமை எடை பார்த்தால் அவள் ஒரு ராத்தல் ஏறியிருப்பாள். நான் அரை ராத்தல் இறங்கியிருப்பேன். எனக்குக் கொடுக்கிற அதே முட்டை, அதே பால்தான் அவளுக்கும். நர்ஸ் எடையைச் சொல்லும்போது நான் காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நாள். அவள் புருஷன் கன்னியப்பன் விடியும் முன்பே குப்பத்திலிருந்து நடந்து மகாபலிபுரம் வந்து, பஸ் பிடித்து, திருக்கழுக்குன்றம் வழியாக வந்து சேருவான். கட்டிலில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, எண்ணெய் தடவி, தலை வாரிவிடுவான். அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கொடுத்துக்கொண்டிருப்பாள். என் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட புடவைகளைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து, நாற்காலியைக் கட்டிலிலிருந்து நாலு முழம் தள்ளிப் போட்டு, மூக்கை மறைத்த கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து ஆபீஸ் சமாசாரம் சொல்லுவார். அப்படித் தள்ளி உட்காரும்படி டாக்டரம்மாதான் சொல்லியிருந்தார். எனக்கும் அது தெரியும். இருந்தாலும் கன்னியப்பனின் சீப்பைப் பார்க்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர்மேல் எரிச்சலாக வரும். அவர் புடவை மடிப்பில் கொய்யாப்பழம் ஒன்றை ஒளித்து வைத்துக் கொண்டுவருவார். அதைச் சிரித்துக்கொண்டு வாங்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மாதம் ஒரு முறை அமுதாவைக் கொண்டுவந்து வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்துவார்கள். ஒரு மாதம் அவள் என் நாத்தனாரின் புடவைத் தலைப்பை இழுத்து, "அம்மா, போலாம்" என்றாள். நாத்தனார் என்னைப் பார்த்து, "சின்னப் புள்ள அண்ணி, வாய் தவறிச் சொல்லுது" என்றாள். அன்று எனக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது.

மார்கழி மாதம் டாக்டரம்மா எங்கள் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசினார். முன்பு எங்களுக்குக் கேஸ் என்கிற காற்று வைத்தியம் செய்து பார்த்திருந்தார்கள். விலாவுக்கு இடையில் ஊசி குத்திக் காற்றை உள்ளே ஏற்றினால், நோயுற்ற நுரையீரல் சுருங்கி ஓய்வெடுக்கும், ஓட்டை மூடும். எங்கள் இருவருக்கும் நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் காற்று ஏறவில்லை. மிச்சம் இருப்பது விலா ஆபரேஷன். மேல்பக்கத்து விலாவில் ஏழு எலும்புகளைத் துண்டு போட்டு எடுத்துவிடுவார்கள். மார்புக்கூடு அந்தப் பக்கம் உள்ளே அமுங்கும், ஓட்டையும் அமுங்கி மூடிக்கொள்ளும். தோள் கொஞ்சம் சாய்ந்துவிடும். முழு மயக்கம் கொடுக்க மாட்டார்கள். இடத்தை மரத்துப்போக வைத்துவிட்டு, ஆள் விழித்திருக்கும்போதே செய்வார்கள்.

"முழிச்சிகினு இருக்கசொல்லவேயா" என்று கேட்டாள் செங்கேணி.

"ஆம். நீங்கள் இருமிச் சளியை வெளியே தள்ள வேண்டும் அல்லவா" என்றார் டாக்டரம்மா.

"சரி. எலும்ப இன்னா பண்ணுவீங்க" என்றாள் இவள். டாக்டரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்குப் பாத்ரூமுக்கு ஓடத் தோன்றியது. செங்கேணிக்குப் புது வருஷம் பிறந்து முதல் செவ்வாய்க்கிழமை, எனக்கு அதே வாரம் வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

இனிமேல் எழுதுவதுதான் சாட்சியில் சொல்லாத பாதி.

எங்கள் சபைகளில் புது வருஷத்துக்கு வாக்குத்தத்தம் எடுக்கிற வழக்கம் உண்டு. ஒவ்வொரு வசனமாக அச்சடித்த வண்ணச் சீட்டுகளை ஒரு பெட்டியில் போட்டு வைத்திருப்பார்கள். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஒரு சீட்டை எடுக்க வேண்டும். எடுத்த வசனம் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் உங்களுக்கென்று சொன்ன வார்த்தை. பிடிக்கவில்லை என்று திரும்பப் போட்டு வேறு எடுக்கக் கூடாது. சின்ன வயதில் ஒரு தடவை நான் அப்படிச் செய்யப் பார்த்து, அப்பாவிடம் தலையில் குட்டு வாங்கியிருக்கிறேன்.

புது வருஷத்தன்று காலை காப்பி ஆனதும் பைபிள் அம்மா பெட்டியோடு வார்டுக்கு வந்தார். செங்கேணி எடுத்தது ரோஸ் நிறச் சீட்டு. நான் எடுத்தது நீலம். பைபிள் அம்மாவுக்கு இன்னும் இரண்டு வார்டு போக வேண்டியிருந்தது. "படிக்கத் தெரியாதவங்களுக்கு டீச்சர் படிச்சுச் சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

என் சீட்டைப் படித்தேன். அன்பு வைத்தவரைத்தான் ஆண்டவர் அடித்துத் திருத்துவார் என்கிற பொருளில் ஒரு வசனம். நாலு நாளில் முதுகைப் பிளக்கப் போகிறவளுக்கு இதுவா.

"டீச்சரம்மா, என்னுதுல இன்னா எழுதிகீது, படி" என்று செங்கேணி சீட்டை நீட்டினாள்.

வாங்கிப் பார்த்தேன். பயப்பட வேண்டாம், உன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஆண்டவர் சொல்கிற வசனம். எனக்கு வேண்டியது அதுதான். ஆறு மாதமாக அந்தக் கட்டிலில் கிடந்து நான் கேட்டதெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். அது யாருக்குப் போயிருக்கிறது பாருங்கள். மணி அடித்தால் தூங்குகிறவளுக்கு, எலும்பை என்ன செய்வீர்கள் என்று கேட்கிறவளுக்கு, தலை வாரிவிடுகிற புருஷனும் எனக்கில்லாத எடையும் ஏற்கெனவே இருக்கிறவளுக்கு.

இரண்டு சீட்டும் என் கையில் இருந்தன. நான் நீலச் சீட்டை அவளுடையதுபோல உரக்கப் படித்தேன். படித்துவிட்டு நீலத்தையே அவளிடம் நீட்டினேன்.

அவள் சீட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் கை ரோஸ் சீட்டோடு போர்வைக்குள் போயிருந்தது. ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன். அவள் யோசித்தாற்போல் தலையை ஆட்டினாள்.

"அடிக்கிறவரு கிட்டக்கத்தான இருக்கணும். எட்ட நின்னுகினு எப்டி அடிக்கறது. அப்போ எங்கூடவே கீறாருன்னு அர்த்தம்" என்றாள். சீட்டை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

தாத்தா முதல் போதகர் வரை எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அந்த வசனத்துக்கு இப்படி ஒரு பொருளை யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் தள்ளிவிட்ட சீட்டிலும் அவளுக்கு வேண்டியது இருந்தது. நான் எடுத்துக்கொண்ட சீட்டிலோ எனக்கு ஒன்றும் இல்லை. தலையணைக்கு அடியில் வைத்து, ரெஸ்ட் நேரத்தில் திருட்டுத்தனமாக எடுத்துப் படிப்பேன். யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற மாதிரிதான் இருந்தது. பயப்படாதே என்று இருக்கும். என்னைச் சொல்லவில்லையே என்று தோன்றும்.

செவ்வாய்க்கிழமை காலை செங்கேணியைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். போகும்போது, "வரேன் டீச்சரம்மா, என் பாலு ஆறிப்பூடும், நீ குட்சிடு" என்றாள். மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். சாம்பல் நிறத்தில் இருந்தாள். நெஞ்சின்மேல் மணல் மூட்டையை வைத்து அமுக்கிக் கட்டியிருந்தார்கள். ஆனால் கண் திறந்திருந்தது. ஆபரேஷன் நன்றாக நடந்ததாக டாக்டரம்மா சொன்னார். வார்டே ஸ்தோத்திரம் சொன்னது. நானும் சொன்னேன். மனசுக்குள் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்: நல்ல சீட்டு நீலம்தான் போலிருக்கிறது, ஏமாந்து ரோஸை எடுத்துக்கொண்டுவிட்டேனே என்று ஓடியது. திருடின பொருளை வைத்துக்கொண்டு, திருட்டுக் கொடுத்தவளிடம் மிச்சம் இருப்பதன்மேல் ஆசைப்பட்டேன். என் பொறாமைக்கு அவ்வளவுதான் புத்தி.

வியாழக்கிழமை வந்துவிட்டது. சாப்பிட்டது தங்கவில்லை. டாக்டரம்மா நாடியைப் பிடித்துப் பார்த்து, "சுகிர்தம் அம்மாள், இப்படி இருதயம் ஓடினால் நான் கத்தியைத் தொட இயலாது" என்றார். ஆபரேஷன் இல்லையென்றால் ஓட்டை மூடாது. ஓட்டை மூடாவிட்டால் அமுதா வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட வேண்டியதுதான். எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. திருடின வசனத்தோடு அந்த மேஜையில் போய்ப் படுக்க என்னால் முடியாது.

எழுந்து செங்கேணி கட்டிலுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தேன். வார்டில் ஆட்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன். ரோஸ் சீட்டை அவள் கைப்பக்கம் வைத்தேன்.

"இது உன்னோடது செங்கேணி. நான் மாத்திப் படிச்சேன். உன்னுதுல பயப்படாதேன்னு இருந்தது. எனக்கு வேணும்னு எடுத்துக்கிட்டேன்" என்றேன்.

அவளுக்கு உரக்கப் பேச முடியவில்லை. மணல் மூட்டைக்குக் கீழே மூச்சு சின்னச் சின்னதாக வந்தது.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எனக்குப் படிக்கத்தான் தெரியாது. ரோஸுக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாதா. ரோஸு எடுத்தேன், நீலம் குட்த்த."

"அப்போ ஏன் கேக்கல?"

"உன் மூஞ்சப் பாத்தேன். மூஞ்சில ரத்தமே இல்ல. சரி, அதுல இன்னாவோ நல்லதா எழுதிகீது, அது இவளுக்குத்தான் வேணும்போல கீதுன்னு வுட்டுட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நைனாவுக்கு எந்தச் சீட்ட யாரு வெச்சிகினு கீறாங்கன்னு தெரியாதா. நீயே வெச்சிக்கோ. திருடலாம் இல்ல, நான் குட்த்தேன்னு வெச்சிக்கோ" என்றாள்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். நர்ஸ் வந்து, மார்பு நோயாளி இப்படி அழக் கூடாது என்று திட்டி எழுப்பிக்கொண்டுபோனார். அன்று மாலை டாக்டரம்மா நாடியைப் பார்த்து, "நல்லது, நாளை காலை" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். தள்ளுவண்டி நகரும்போது கைக்குட்டையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, போர்வைக்கு மேலாக என் காலைப் பிடித்துக்கொண்டு ஆபரேஷன் தியேட்டர் கதவுவரை கூடவே நடந்து வந்தார். அத்தனை மாதத்தில் அவர் என்னைத் தொட்டது அன்றுதான்.

உள்ளே என்னை இடதுபக்கமாகப் படுக்க வைத்தார்கள். மரத்துப்போகிற ஊசி இருபது முப்பது இருக்கும். அப்புறம் வலி இல்லை, ஆனால் எல்லாம் தெரியும். எலும்பு வெட்டுகிற கத்தரியின் சத்தம் காதுக்குள் கேட்டது. ஒரு எலும்பு வந்தது, தட்டில் விழுந்தது. அப்போது நான் சங்கீதம் சொல்லப் பார்த்தேன். ஒன்றுகூட வரவில்லை. பரிசு வாங்கின அத்தனை வசனமும் எங்கே போனதென்று தெரியவில்லை. பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்தேன். நாலாவது வரியில் நின்றுவிட்டது. மூன்று வயதிலிருந்து சொல்லிவந்த ஜெபம், அடுத்த சொல் வரவில்லை.

இரண்டாவது எலும்பு தட்டில் விழுந்தது. "மீதி உனக்கே தெரியும் நைனா" என்றேன்.

வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. முகத்துப் பக்கம் நின்ற நர்ஸ், "என்ன வேணும் டீச்சர்?" என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். உண்மையாகவே வேண்டியிருக்கவில்லை. அடிக்கிறவர் கிட்டத்தில்தான் இருக்க வேண்டும் என்று செங்கேணி சொன்னது ஞாபகம் வந்தது. கிட்டத்தில் யாரோ இருந்தார்கள். அதை இதற்குமேல் எனக்கு விளக்கத் தெரியாது. கத்தரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் எலும்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழாவது விழுந்ததும், முடிந்தது என்று நானே நர்ஸிடம் சொன்னேன்.

பிறகு மூன்று வாரம் மணல் மூட்டை. இருமினால் உயிர் போகும். அப்போதெல்லாம் ஒரு தலையணையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு இருமச் சொல்லிக்கொடுத்தார்கள். பக்கத்தில் படுத்திருந்த செங்கேணி, நான் இரும ஆரம்பித்தால் தன் தலையணையையும் கட்டிப்பிடித்துக்கொள்வாள், ஏதோ அதனால் எனக்கு வலி குறையும் என்பதுபோல. மாசி மாதம் அவள் சளியில் கிருமி இல்லை என்று வந்தது. எனக்கு அடுத்த மாதம் வந்தது. அந்த ஒரு மாதமும் நான் பொறாமைப்படவில்லை என்று சொன்னால் அது பொய். அவள் முதலில் வீட்டுக்குப் போனாள். போகும்போது ரோஸ் சீட்டை எடுத்துப்போகச் சொன்னேன். "அப்றமா வாங்கிக்கறேன்" என்று விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நான் வீட்டுக்கு வந்தேன். அமுதா இரண்டு நாள் கதவுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தாள். மூன்றாம் நாள் வந்து, என் சாய்ந்த தோளைத் தொட்டுப் பார்த்து, "அம்மா, வலிக்குதா?" என்றாள். சமையற்கட்டில் இருந்த நாத்தனாருக்குக் கேட்கட்டும் என்று, நான் சத்தமாகப் பதில் சொன்னேன்.

ஐப்பசியில் சீட்டைத் திருப்பிக் கொடுக்கவென்று செங்கேணி வீட்டுக்குத் தனியாகப் போனேன். மகாபலிபுரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி, கடலோரமாகவே தெற்கே நடந்தேன். மணலில் நாலு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டேன். அன்று காற்று பலமாக இருந்தது. குப்பத்துக் கட்டுமரங்கள் எல்லாம் மேட்டில் ஏற்றிக் கிடந்தன. செங்கேணி கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோளும் என் தோள்போலவே வலதுபக்கம் சாய்ந்திருந்தது. மீன் கூடை தூக்கும் பழைய தொழிலுக்குத் திரும்பிப்போகாமல், வீட்டோடு இருந்து வலை பின்னுகிறாளாம்.

கன்னியப்பனின் கட்டுமரம் மட்டும் திரும்பவில்லை. விடிகாலையில் போனவன், உச்சிவேளையும் தாண்டிவிட்டது. அன்று பொழுது சாய்வதற்குள் அவன் துடுப்பு உடைந்து, மீன் ஒன்றும் இல்லாமல், உயிரோடு வந்து சேர்ந்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீட்டுதான் அவனைக் கொண்டுவந்தது என்று நான் சாட்சி சொல்லப் போவதில்லை. அவன் வருவதற்கு முந்தின ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

என்னைப் பார்த்ததும் அவள் நலம்கூட விசாரிக்கவில்லை. "ரோஸு சீட்டு கொண்டாந்தியா" என்றாள்.

"அதைக் குடுக்கத்தான் வந்தேன்."

"படி."

நான் சீட்டை எடுத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை நடுங்கியது. எட்டு மாதம் பக்கத்துக் கட்டிலில் கிடந்தும் அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

"உனக்குப் பயமே கிடையாதே செங்கேணி" என்றேன்.

"யாரு சொன்னா?"

"ரெஸ்ட் மணி அடிச்சா அப்படித் தூங்குவியே. நான் பாத்துக்கிட்டே இருப்பேனே."

"எங்க தூங்கனேன். கண்ண மூடிகினு கெடந்தேன். தொறந்தா நீ என்னியே பாத்துகினு இருப்ப. எனக்கும் பயமா கீதுன்னு தெரிஞ்சா நீ இன்னும் பயந்துப்பியேன்னு, நைனாகிட்ட பேசிகினே மூடிகினு கெடந்தேன்" என்றாள். கண்ணைக் கடலைவிட்டு எடுக்கவே இல்லை.

எட்டு மாதம் நான் வயிறெரிந்து பார்த்துக்கொண்டிருந்த தூக்கம் அது. பயந்து செத்துக்கொண்டிருந்தவள், பயப்படாதே என்கிற தன் சீட்டையும் எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, என்னுடைய அடிக்கிற சீட்டை வாங்கிக்கொண்டு முதலில் தள்ளுவண்டியில் ஏறியிருக்கிறாள். அவள்மேல் எனக்கு அந்த நிமிஷம் வந்த பொறாமைபோல முன்பு ஒருநாளும் வந்ததில்லை. அது இன்னும் போகவில்லை. போக வேண்டாம் என்றும் இருக்கிறது.

"படிக்கிறியா இல்லியா" என்றாள்.

காற்றில் சீட்டு படபடத்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அதில் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே அவளுக்குப் படித்தேன்.